புழு வீட்டுக்குள் போகிறவள்

என்னைப் பொறுப்பான பெண் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதனால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. திட்டினால் திருப்பித் திட்டலாம். பாராட்டுகிறவர்களை என்ன செய்வது? எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைப் பொறுப்பானது என்று சொல்லிவிட்டால், இனி அதனிடம் எதையும் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை, தூக்கி அதன் தலையில் வைத்தால் போதும் என்று அர்த்தம். எனக்கு அந்தப் பட்டம் ஒன்பது வயதில் கிடைத்தது. அம்மா கூலிக்குப் போயிருந்த ஒரு நாள் நானே களி கிண்டி வைத்தேன். கட்டி கட்டியாக இருந்தது, அடியும் பிடித்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொறுப்பு, பொறுப்பு என்று கொண்டாடிவிட்டு மறுநாளிலிருந்து களிக்கோலை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஒரு ஏக்கர் செம்மண், ஒரு போர்க் கிணறு, அந்த ஏக்கர் முழுக்க மல்பெரி. அப்பா பெங்களூரில் கொத்து வேலைக்குப் போய்விட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா பட்டுப்புழு வளர்த்தாள். அம்மா வளர்த்தாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அம்மா, நான், என்னைவிட இரண்டு வயது சின்னவளான தங்கை, எல்லோருக்கும் கடைசியாகப் பிறந்து எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு திரிந்த தம்பி, இத்தனை பேரும் சேர்ந்து வளர்த்தோம். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல கட்டடம் புழுவுக்குத்தான். சிமெண்டுத் தரை, ஃபேன், ஜன்னலில் வெயிலுக்கு நனைத்துத் தொங்கவிட்ட சாக்கு. நாங்கள் அதற்கு முன்னால் இறக்கியிருந்த தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்தோம்.

புழுவுக்கு ஆகாதவை என்று எங்கள் ஊரில் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. பக்கத்தில் கருவாடு பொரிக்கக் கூடாது. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. கொசுவத்தி வாடையே கூடாது. இதெல்லாம் நியாயம்தான், மருந்து வாடை பட்டால் புழு நிஜமாகவே சாகும். ஆனால் பட்டியலின் தலைமாட்டில் இருந்தது வேறொன்று. வீட்டுக்குத் தூரமான பெண் புழு வீட்டின் வாசற்படியை மிதிக்கக் கூடாது. மிதித்தால் புழு இலை எடுக்காது, கறுத்துச் சாகும், அந்த வருடம் முழுவதும் விளங்காது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். எங்கள் ஊரில் நெய் வடிந்தது மட்டுமில்லை, எல்லோரும் கிண்ணம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே அம்மா மாதத்தில் மூன்று நாள் வெளியே இருப்பாள். மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஒரு முருங்கை மரம். அதன் அடியில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சமையல், தண்ணீர், புழு எதையும் அவள் தொட மாட்டாள். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். சில மத்தியானங்களில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். மற்ற இருபத்தேழு நாளும் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோறு கூட அடுப்படியில் குந்தியபடியேதான் தின்பாள்.

அந்த மூன்று நாளும் புழு எங்கள் தலையில் விழும். வயதுக்கு வராத பெண் பிள்ளை இருக்கிற வீடு புழு வளர்ப்புக்குக் கொடுத்துவைத்த வீடு. அவள் முப்பது நாளும் உள்ளே போகலாம். அவளுக்கு லீவு கிடையாது. இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஆனால் வயதுக்கு வருவது எனக்குச் சீக்கிரம் நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம். என் வகுப்புப் பெண்களெல்லாம் அதை நினைத்துப் பயந்தார்கள். நான் முருங்கை மரத்தடியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பாய் போட இடம் இருக்கிறதா என்று பார்த்து வைத்திருந்தேன். அதுவும் முதல் தடவை என்றால் மூன்று நாள் இல்லை, பதினோரு நாள். தாய்மாமன் வந்து பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்டித் தருவார். அதற்குள் உட்கார்ந்துகொண்டு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையுமாகத் தின்னலாம். ஒருவரும் வேலை ஏவ முடியாது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்து சாகிற வரை கிடைக்கிற நீளமான ஓய்வு அதுதான். பிரசவத்துக்குக் கூட அவ்வளவு நாள் கிடையாது.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்தார். தொடை எலும்பு உடைந்துவிட்டது. செய்தி வந்த அன்றே அம்மா கட்டின புடவையோடு பஸ் ஏறினாள். ஏறுவதற்கு முன் அவள் சொன்னதில் அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியமும் புழுவைப் பற்றி இருபது வாக்கியமும் இருந்தன. புழு அப்போதுதான் நாலாவது தடவை தோல் உரித்து எழுந்திருந்தது. அதற்குப் பிறகு வருகிற ஏழெட்டு நாள்தான் உயிர் போகிற நாட்கள். புழு அதுவரை தின்றதெல்லாம் ஒரு தீனியே இல்லை என்கிற மாதிரி தின்னும். மூன்று வேளையும் மல்பெரிக் குச்சிகளை வெட்டிக் கட்டிச் சுமந்து வந்து அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும். இலையில் ஈரம் இருக்கக் கூடாது, வாடவும் கூடாது. எனக்குப் பதின்மூன்று வயது, தங்கைக்குப் பதினொன்று, தம்பிக்கு ஆறு.

பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டு வரவும் இல்லை. ஊரில் நாலு பேர் எட்டிப் பார்த்து, இந்த வயதில் எவ்வளவு பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கட்டு இலையைத் தூக்கி வந்து போட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம். தங்கை வேலை செய்வாள், ஆனால் ஒவ்வொரு வேலையையும் ஊருக்கே சொல்லிக்கொண்டு செய்வாள். அவள் வாயில் எதுவும் தங்காது. தம்பி இரண்டு நாளில் மூன்று தடவை கை கழுவாமல் உள்ளே ஓடினான், மூன்று தடவையும் அடி வாங்கினான்.

மூன்றாம் நாள் காலை மல்பெரித் தோட்டத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஆயிற்று.

நான் முதலில் சந்தோஷப்பட்டேன். இதை எழுத இப்போதும் சிரிப்பு வருகிறது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். வந்துவிட்டது, என் பதினோரு நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் தலையைத் திருப்பிப் புழு வீட்டைப் பார்த்தேன். வெளியே சொன்னால் பக்கத்து ஊரிலிருந்து அத்தை வருவாள், என்னை ஒரு மூலையில் உட்கார வைப்பாள், மாமனுக்கு ஆள் போகும். உள்ளே யார் போவது? ஒரு கட்டு குச்சியைத் தூக்கினாலே முதுகு வளைகிற என் தங்கையா? அம்மாவோ ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிறாள். அந்தக் கூடு விற்றுத்தான் அப்பாவைத் திரும்ப அழைத்துவர வேண்டும் என்று அவள் போனில் சொல்லியிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஒரு வருடமாகக் காத்திருக்கிறேன், வருகிறது பார், வருகிற நேரத்தில். எழுந்து கட்டைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்திருந்த நாப்கின் பாக்கெட் பையில் இருந்தது, அதற்கு மட்டும் நன்றி சொல்ல வேண்டும். தங்கையிடம் வயிற்று வலி என்றேன். கை கால் கழுவினேன். வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

அந்த ஐந்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேழ்வரகு, நெய் என்று மேலே கிண்டலாக எழுதிவிட்டேன். அன்றைக்கு அந்தக் கிண்டல் எல்லாம் இல்லை. நான் முழுசாக நம்பினேன். ஒவ்வொரு வேளையும் உள்ளே நுழைந்ததும் மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்கு வரை குனிந்து குனிந்து பார்ப்பேன். இலை எடுக்கிறதா, தலை தூக்குகிறதா, கறுக்கிறதா? ஒரு பேட்சில் பத்து இருபது புழு எப்படியும் சாகும், அது எனக்கும் தெரியும். ஆனால் நான்காம் நாள் தொளதொளவென்று கறுத்துக் கிடந்த ஒன்றைப் பார்த்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. தங்கை வந்து பார்த்துவிட்டு, ஒரு புழுவுக்கா அழுகிறாய் என்று கேட்டாள். ஊரெல்லாம் போய் எங்கள் அக்கா புழுவுக்கு அழுகிறாள் என்று சொல்லியும் விட்டாள்.

புழு சாகவில்லை. நன்றாகத் தின்றது. ஏழாம் நாள் உடம்பு மஞ்சள் தட்டி, தலையைத் தூக்கி ஆட்டி, கூடு கட்ட இடம் தேட ஆரம்பித்தது. பழுத்த புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டுகிற வலையில் விட எங்களோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களே சொன்னார்கள், உன் அம்மா இருக்கும்போது கூட இப்படி ஒரே சீராகப் பழுத்ததில்லை என்று. கூடு தும்பைப் பூ மாதிரி வந்தது.

பத்து நாளுக்குப் பிறகு அப்பாவை ஒரு வாடகை வேனில் படுக்க வைத்து அம்மா அழைத்து வந்தாள். அவர் காலில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். மறுநாள் போர் தொட்டியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிக்கொள்வாள், அழுவாள், என் கண்ணே என்பாள் என்று நான் கற்பனை பண்ணி வைத்திருந்தது கற்பனையாகவே நின்றுவிட்டது. அம்மா துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை.

"புழு வூட்டுக்குள்ள போனியா?"

"போனன்."

"அந்த அஞ்சு நாளுமா?"

"வேற யாரு போறது?"

அம்மா துணியை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "யாருகிட்டயும் சொல்லிக்காத. அடுத்த பேட்ச் முடியட்டும்" என்றாள்.

அடுத்த பேட்ச் முடிந்தது. அதற்கடுத்ததும் முடிந்தது. அப்பா ஊன்றுகோலோடு கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தார், உட்கார்ந்த இடத்தில் குச்சியிலிருந்து இலை உருவுவார், அதற்கு மேல் அவரால் முடியாது. புழு வீட்டுக்குள் போக அம்மாவுக்கு மாதம் முழுக்க ஓர் ஆள் தேவை. அந்த ஆள் நான்தான். ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் போய் எப்போது சொல்வது என்று கேட்பேன். ஆடி போகட்டும் என்பாள், அப்பா நடக்கட்டும் என்பாள், மாமன் கையில் காசு வரட்டும் என்பாள். எனக்கு மாதாமாதம் ஆகிக்கொண்டிருந்தது. ஊரைப் பொறுத்தவரை நான் இன்னும் சின்னப் பெண்.

எனக்கு எரிச்சலாக இருந்தது இது மட்டுமில்லை. என்னை எல்லா நாளும் உள்ளே அனுப்பிவிட்டு அம்மா தன் மூன்று நாளுக்குத் தவறாமல் வெளியே போய் உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகாது என்று தெரிகிறதல்லவா, நான் போனால் சாகாத புழு நீ போனால் மட்டும் செத்துவிடுமா என்று கேட்டேன். அது வேற, இது வேற என்றாள். எப்படி வேறு என்று கேட்டேன். முருங்கை மரத்தடியில் பாயைச் சரிசெய்துகொண்டு, போய் வேலையைப் பார் என்றாள். படிக்காதவள், மூடநம்பிக்கையை விட மாட்டாள், கண்ணால் பார்த்தாலும் நம்ப மாட்டாள் என்று எனக்குள் திட்டிக்கொண்டு போனேன். அறிவியல் பாடத்தில் நான் வகுப்பிலேயே முதல்.

இதற்கிடையில் அத்தை வேறு. அப்பாவின் அக்கா, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தாள். புழு விஷயத்திலும் பெண் பிள்ளைகள் விஷயத்திலும் எங்கள் பக்கத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். எனக்குப் பதினான்கு முடிந்தும் நான் உட்காராதது அவளுக்குத் தாங்கவில்லை. உடம்பில் சத்து இல்லை என்று தீர்ப்பு சொன்னாள். வாரத்தில் இரண்டு நாள் வந்து, வெந்தயமும் எள்ளும் வெல்லமும் இடித்து உருட்டி என் வாயில் திணிப்பாள். பப்பாளிக்காய் அவித்துக் கொடுத்தாள். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ஒருநாள் நான் நிஜமாகவே மாதவிடாய் வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் எனக்குச் சீக்கிரம் ஆக வேண்டும் என்று விபூதி பூசுகிறாள். பக்கத்தில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியாது.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. நான் பத்தாவது வந்தேன். காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது தங்கைக்கு ஆனது.

அவள் விஷயத்தை மறைக்க அம்மாவுக்கு வழியே இல்லை. அவளுக்கு வகுப்பறையில் ஆனது. அவள் அதை முதலில் பக்கத்துப் பெண்ணிடமும், பிறகு டீச்சரிடமும், பிறகு வீட்டுக்கு வருகிற வழியில் நிறுத்தி விசாரித்த எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அம்மா விஷயத்தைக் கேள்விப்படும்போது ஊரில் கடைசி ஆளாக இருந்தாள். அன்று சாயங்காலமே மாமன் தென்னங்கீற்றோடு வந்து வாசலில் குச்சு கட்டினார். அத்தை ஒரு பையில் உளுந்தும் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

புழு அன்றைக்கு எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. நாலாவது தோல் உரித்து இரண்டு நாள். அதற்கு இரண்டு நாள் கழித்து அம்மாவும் பாயை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனாள்.

நான் ஒருத்திதான் மிச்சம். காலையில் எழுந்து இலை வெட்டிச் சுமந்து போட்டுவிட்டு, பரீட்சைக்கு ஓடி, வந்து மத்தியான இலையைப் போட்டு, வந்திருக்கிற சனத்துக்குச் சோறு வடித்து, மறுபடியும் இலைக்குப் போவேன். கணக்குப் பரீட்சையில் நான் விடைத்தாள் மேல் தலைவைத்துத் தூங்கினேன். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் எழுப்பிவிட்டபோது பேப்பரில் மல்பெரிப் பாலின் கறை இருந்தது. வீட்டுக்கு வந்தால் குச்சுக்குள்ளே தங்கை எண்ணெய் வழிகிற வாயோடு உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். ஒரு பழைய வாரப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, களி கொஞ்சம் தின்கிறாயா அக்கா என்று பாசமாகத்தான் கேட்டாள். எனக்கு அவளைத் தூக்கிப் போட்டு மிதிக்கலாம் போல இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் நான் புழு வீட்டிலிருந்து வெறும் கூடையோடு வெளியே வருகிறேன். குச்சைச் சுற்றி அத்தையும் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கட்டிலில் இருந்தார். சற்றுத் தள்ளி மரத்தடியில் அம்மா. அத்தை என்னைக் காட்டி, தணிந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சின்னவள் உட்கார்ந்துவிட்டாள், பாவம் இந்தப் பெரியதற்கு எப்போதோ, எந்தச் சாமி கண்ணை மூடிக்கொண்டதோ என்றாள். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

கூடையைக் கீழே போட்டேன்.

"எனக்கு ஒன்னர வருசத்துக்கு முன்னாடியே ஆயிருச்சு. அப்பா வுழுந்தப்பவே. அப்பறம் எல்லா மாசமும் ஆவுது. எல்லா மாசமும் நான் புழு வூட்டுக்குள்ள போயிட்டுதான் இருக்கறன்."

தவளை தன் வாயால் கெடும் என்பது படிக்கிற காலத்தில் வெறும் பழமொழி. அன்றைக்கு நான்தான் அந்தத் தவளை. ஆனால் சொல்லி முடித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. கத்துவார்கள், தீட்டு என்பார்கள், அம்மாவை நாலு வார்த்தை கேட்பார்கள், கடைசியில் எனக்கும் ஒரு குச்சு கட்டுவார்கள் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராக நின்றேன். அறிவியல் புத்தகத்திலிருந்து சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கின் நுனியில் இருந்தது.

யாரும் கத்தவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். கார்த்திகையில் ஒன்று, பொங்கலுக்குப் பிறகு ஒன்று, சித்திரையில் ஒன்று. எந்த பேட்சாவது கெட்டதா என்று யோசித்தாள். ஒன்றும் கெடவில்லை. பக்கத்திலிருந்த ஒருத்தி, போன ஐப்பசியில் ஊரில் எல்லோர் புழுவுக்கும் நோவு வந்தபோது கூட இவர்கள் கூடு நன்றாக இருந்ததே என்று எடுத்துக் கொடுத்தாள். அத்தை விரல்களை விரித்தாள்.

"அப்ப புழுவுக்கு ஒன்னும் ஆவுறதில்ல" என்றாள். ஏதோ அவளே கண்டுபிடித்த மாதிரி சொன்னாள்.

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கைகளில் குச்சி கீறின கோடுகள் இருந்தன, கண் உள்ளே போயிருந்தது. நான் ஒருத்தியாகச் சுமந்ததை அவர் கட்டிலில் கிடந்தபடி தினமும் பார்த்திருக்கிறார். அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

"இவ ஒருத்தி எவ்வளவுதான் சாவா? ஒன்னும் ஆவாதுன்னா சின்னவளையும் நாளைக்கு உள்ள அனுப்புங்க. பாவம், இவளுக்கு ஒரு கை ஒத்தாசையா இருக்கட்டும்."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் குச்சைப் பிரித்தார்கள். பதினோரு நாளை ஆறு நாளாக முடித்தார்கள். மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கீற்றை மாட்டுக் கொட்டகை மேல் எறிந்தார். தங்கைக்கு மஞ்சள் நீர் ஊற்றும்போது அத்தை என்னையும் கையைப் பிடித்து இழுத்து அதே பலகையில் உட்கார வைத்து, மிச்சமிருந்த அரைக் குடத்தை என் தலையிலும் ஊற்றினாள். ஒன்றரை வருடம் நான் காத்திருந்த சடங்கு அதுதான். ஈரம் கூடச் சொட்டி முடியவில்லை, மஞ்சள் வாடை புழுவுக்கு ஆகாது, நல்ல தண்ணீரில் குளித்துவிட்டு உள்ளே போங்கள் என்று சட்டம் போட்டாள்.

தங்கை இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் உள்ளே வந்தாள். ஓர் அடுக்கு முழுக்க இலையைப் பரப்பி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உன்ன யாருக்கா கேட்டா? எனக்கு இன்னும் அஞ்சு நாளு இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. உனக்காகவும்தான் சொன்னேன், இது மூடநம்பிக்கை, உனக்கு ஒன்றும் தெரியாது என்று பாடம் நடத்தினேன். அவள் கேட்கவில்லை. அந்தக் கணக்குப் பரீட்சையில் நான் தேறவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு நாள் வந்தது. காலையில் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தாள். அப்பா கட்டிலிலிருந்து சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். எதற்கு அங்கே போகிறாய், பெரியவள் சொன்னதைத்தான் கேட்டாயே, இனிமேல் அந்தக் கஷ்டமெல்லாம் உனக்கு வேண்டாம் என்றார். அவர் மனதார அவளுக்கு ஒரு விடுதலை கொடுப்பதாகத்தான் நினைத்தார். அம்மா பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து பாயைச் சுருட்டி வைத்தாள். கை கால் கழுவிக்கொண்டு, இருபது வருடத்தில் முதல் தடவையாக அப்படி ஒரு நாளில் புழு வீட்டின் வாசற்படி ஏறினாள்.

நானும் தங்கையும் மேல் அடுக்கில் இலை போட்டுக்கொண்டிருந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அம்மாவையே மாற்றிவிட்டேன். "பாத்தியாம்மா, புழுவுக்கு ஒன்னும் ஆவாது. இப்பவாவது தெரியுதா?" என்றேன்.

அம்மா கீழே கிடந்த கட்டை அவிழ்த்தாள்.

"தெரியும்டி. நீ துணி தொவைக்கற எடத்துல வந்து சொன்னியே, அன்னைக்கே தெரியும். அதுக்கு முன்னாடியும் தெரியும்." குச்சியை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். "மாசத்துல மூணு நாளு உக்காந்திருந்தன்."

அடுத்த கட்டை இழுத்து அவிழ்த்தாள். நாங்கள் மூன்று பேரும் கடைசி அடுக்கு வரை இலை போட்டோம்.